வட்டியும் கடனும் இல்லாமல் ஒரு கேமிங் கணினி: பெற்றோரும் பிள்ளைகளும் அறிய வேண்டியவை



ஆண்டுத் தேர்வு முடிந்து விடுமுறை தொடங்கும் நாட்களில் நம் பகுதி வீடுகளில் ஒரு பேச்சு தவறாமல் எழுகிறது. ஆதிச்சநல்லூர், செய்துங்கநல்லூர், ஸ்ரீவைகுண்டம் என்று தாமிரபரணிக் கரையோரம் தொடங்கி காயல்பட்டினம், தூத்துக்குடி வரை இதே கதைதான். வளைகுடாவிலோ ஹாங்காங்கிலோ இருக்கும் வாப்பாவுக்கு மகன் ஒரு படத்தை அனுப்புகிறான். கண்ணாடிப் பெட்டி, உள்ளே வண்ண விளக்குகள், கீழே ஒன்றரை லட்சம் ரூபாய் விலை. "இது இல்லாம கேம் ஓடாது வாப்பா" என்கிறான். உம்மாவுக்கு அது என்னவென்றே தெரியாது. வாப்பாவுக்கு மறுக்கவும் மனமில்லை, அனுப்பவும் பணமில்லை. கடைசியில் யாரோ ஒருவர் "மாதத் தவணையில் எடுத்துக்கொள்ளலாம்" என்று வழி காட்டுகிறார்.

அந்த ஒன்றரை லட்சம் தேவையில்லை, தவணையும் தேவையில்லை என்பதைச் சொல்லவே இக்கட்டுரை. விளையாட்டு கூடுமா கூடாதா என்ற விவாதத்துக்குள் நாம் போகவில்லை. வாங்குவது என்று வீட்டில் முடிவாகிவிட்டால், குறைந்த பணத்தில் எதை வாங்குவது, எதில் ஏமாறாமல் இருப்பது என்பதே நம் பேச்சு.

முதலில் கேட்க வேண்டிய கேள்வி

எந்த விளையாட்டு? பலர் இதைக் கேட்காமலேயே பாகங்களின் பட்டியலை எழுதத் தொடங்கிவிடுகிறார்கள். பிஜிஎம்ஐ, ஃப்ரீ ஃபயர் போன்றவை கைப்பேசிக்காகச் செய்யப்பட்டவை. அவற்றுக்காகக் கணினி வாங்குவது வீண். வேலரன்ட், கவுன்டர் ஸ்ட்ரைக் 2 ஆகிய இரண்டும் கணினி விளையாட்டுகள், இலவசமாகக் கிடைப்பவை, எளிய கணினியிலும் ஓடுபவை. கால்பந்து, கார்ப் பந்தயம், 2015-இல் கணினிக்கு வந்த ஜிடிஏ 5 போன்றவற்றுக்கு நடுத்தரமான கிராபிக்ஸ் கார்டு போதும். (ஜிடிஏ வயது வந்தவர்களுக்கானது என்று அட்டையிலேயே எழுதியிருக்கிறது. அதன் உள்ளடக்கத்தைப் பார்த்துவிட்டுப் பெற்றோர் முடிவு செய்யட்டும்.) கடந்த இரண்டு மூன்று ஆண்டுகளில் வந்த பெரிய விளையாட்டுகள்தாம் விலையுயர்ந்த கார்டைக் கேட்பவை. பிள்ளை உண்மையில் விளையாடப்போவது எது என்று ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள். பெரும்பாலும் மூன்று பெயர்கள் வரும், அதில் இரண்டு இலவச விளையாட்டுகளாக இருக்கும்.

அடுத்த கேள்வி, எந்தத் திரை? ஃபுல் எச்டி என்னும் 1920க்கு 1080 திரையில் ஏறத்தாழ 20.7 லட்சம் புள்ளிகள் உள்ளன. வீட்டில் கிடக்கும் பழைய 1366க்கு 768 டிவியில் 10.5 லட்சம் புள்ளிகள்தாம். அதாவது கிராபிக்ஸ் கார்டு வரைய வேண்டிய படம் பாதி. முதல் ஆண்டு அந்த டிவியையே எச்டிஎம்ஐ வயரில் இணைத்து ஓட்டினால், சுமாரான கார்டும் சிரமமில்லாமல் ஓடும், மானிட்டர் செலவும் தள்ளிப்போகும். கண்ணுக்கு அவ்வளவு அழகாக இருக்காது என்பது உண்மைதான். 4கே திரை பற்றி நம் பட்ஜெட்டில் பேச்சே வேண்டாம்.

மடிக்கணினி பற்றியும் ஒரு வார்த்தை. 2011 முதல் தமிழக அரசு மாணவர்களுக்கு வழங்கிய மடிக்கணினிகள் நம் ஊர்களில் ஏராளமான வீடுகளில் உள்ளன. படிப்புக்கு அவை உதவின. ஆனால் மடிக்கணினிக்குள் பின்னாளில் கிராபிக்ஸ் கார்டு பொருத்த முடியாது. கேமிங் மடிக்கணினி என்று விற்பவை அதே திறனுள்ள மேசைக் கணினியைவிட விலை கூடியவை, சூடு கூடியவை, பழுதானால் பாகம் மாற்றுவது கடினம். விடுதியில் தங்கிப் படிப்பவர் தவிர மற்றவர்களுக்கு மேசைக் கணினியே சிக்கனம்.

விலை ஏன் இப்படி இருக்கிறது

இரண்டு ஆண்டுகளுக்கு முன் எடுக்கப்பட்ட யூடியூப் காணொளியைப் பார்த்துவிட்டுக் கடைக்குப் போகிறவர்கள் அதிர்ச்சியோடு திரும்புகிறார்கள். காரணம் ராம். செயற்கை நுண்ணறிவுக்கான பெரும் தரவு மையங்கள் நினைவகச் சிப்புகளை அள்ளிக்கொள்வதால் 2025 இறுதியிலிருந்து ராம் விலை மளமளவென ஏறியது. எஸ்எஸ்டி விலையும் பின்னாலேயே ஏறியது. மைக்ரான் நிறுவனம் வீட்டுப் பயனாளர்களுக்கான தனது குரூசியல் பிராண்டையே நிறுத்தப்போவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. எனவே பழைய காணொளிகளில் சொல்லும் ரூபாய்க் கணக்கை நம்ப வேண்டாம். நாமும் ஒவ்வொரு பாகத்துக்கும் விலை எழுதவில்லை. வாரந்தோறும் மாறும் விலையை எழுதி என்ன பயன்?

இந்த விலையேற்றத்தால் ஒரு விஷயம் தலைகீழாகியிருக்கிறது. முன்பு "பழைய கணினி வேண்டாம், புதிதாக அசெம்பிள் செய்யுங்கள்" என்று சொல்வோம். இப்போது ராமும் எஸ்எஸ்டியும் உள்ளேயே இருக்கும் பழைய அலுவலகக் கணினிதான் குறைந்த பட்ஜெட்காரருக்கு முதல் வழி.

முதல் வழி: அலுவலகக் கணினியும் ஒரு சிறிய கார்டும்

பெரிய நிறுவனங்கள் மூன்று நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை கணினிகளை மொத்தமாக மாற்றுகின்றன. கழித்துவிடப்படும் டெல் ஆப்டிபிளக்ஸ், எச்பி எலைட்டெஸ்க், லெனோவா திங்க்சென்டர் கணினிகள் சுத்தம் செய்யப்பட்டு மறுவிற்பனைக்கு வருகின்றன. சென்னை ரிச்சி தெருவில் இவற்றுக்கென்றே கடைகள் உண்டு. திருநெல்வேலியிலும் கிடைக்கும். நல்ல உழைப்பாளி இயந்திரங்கள். ஆனால் வாங்கும்போது மூன்று விஷயங்களைப் பார்க்காவிட்டால் பணம் தண்டம்.

ஒன்று, தலைமுறை. இன்டெல் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தையதாக இருக்க வேண்டும். ஐ5 8500 என்று இருந்தால் முதலாவது 8 என்பது தலைமுறை. 6500 என்றால் ஆறாம் தலைமுறை. விண்டோஸ் 10-க்கான மைக்ரோசாஃப்ட் ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 முறையாக ஏற்பது எட்டாம் தலைமுறையிலிருந்துதான். ஆறாம், ஏழாம் தலைமுறைக் கணினிகள் இப்போது மலிவாகக் குவிவதன் காரணமும் இதுவே. "ஐ7 சார், ஐ5-ஐ விடப் பெரிசு" என்று கடைக்காரர் சொன்னால், எத்தனையாம் தலைமுறை என்று திருப்பிக் கேளுங்கள். எட்டாம் தலைமுறை ஐ5 8500-இல் ஆறு கோர்கள் உள்ளன. ஆறாம் தலைமுறை ஐ7 6700-இல் நான்குதான்.

இரண்டு, பெட்டியின் அளவு. ஒரே மாடல் பெயரில் ஒல்லியான பெட்டியும் வரும், உயரமான டவரும் வரும். ஒல்லியானதில் அரை உயரக் கார்டுகள் மட்டுமே நுழையும். டவரையே கேட்டு வாங்கவும்.

மூன்று, எஸ்எம்பிஎஸ். அலுவலகக் கணினிகளின் எஸ்எம்பிஎஸ் சிறியது. கிராபிக்ஸ் கார்டுக்குத் தனி மின் வயர் பெரும்பாலும் இருக்காது. எனவே மதர்போர்டின் ஸ்லாட்டிலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொள்ளும் கார்டாக, அதாவது 75 வாட்டுக்குள் இயங்குவதாக இருக்க வேண்டும். ஜிடிஎக்ஸ் 1050 டிஐ, ஜிடிஎக்ஸ் 1650, 2024-இல் வந்த 6 ஜிபி ஆர்டிஎக்ஸ் 3050 ஆகியவை இந்த வகை. ஜிடிஎக்ஸ் 1650-இல் சில கம்பெனிகள் தனி மின் இணைப்புள்ள மாடலையும் விற்கின்றன, கார்டின் மேல்விளிம்பைப் பார்த்தால் தெரிந்துவிடும். 3050-இல் 8 ஜிபி கார்டு 130 வாட் கேட்கும், அது இந்தப் பெட்டிக்கு ஆகாது. பெயர் ஒன்று, பொருள் வேறு.

இந்த வழியில் வேலரன்ட், கவுன்டர் ஸ்ட்ரைக் போன்றவை தாராளமாக ஓடும். பள்ளிப் பாடம், கல்லூரி புராஜெக்ட், டேலி, போட்டோஷாப் எல்லாம் அதே கணினியில் நடக்கும். இன்னொரு நன்மை, இவ்வகைக் கணினிகளில் விண்டோஸ் உரிமம் வழக்கமாக மதர்போர்டிலேயே பதிந்திருக்கும்.

இரண்டாவது வழி: இன்று பாதி, அடுத்த ஆண்டு மீதி

புதிதாகவே வாங்க வேண்டும், ஆனால் கையில் நாற்பதாயிரத்தைச் சுற்றித்தான் இருக்கிறது என்பவர்களுக்கு நாம் சொல்வது இரண்டு கட்டமாக வாங்குவது. முதல் கட்டத்தில் கிராபிக்ஸ் கார்டே வேண்டாம். புராசஸருக்குள்ளேயே ஓரளவு நல்ல கிராபிக்ஸ் உள்ள ஏஎம்டி ரைசன் 5 5600ஜி போன்ற ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். 2021-இல் வந்தது, ஆறு கோர், பன்னிரண்டு திரெட், 65 வாட். ஏ520 அல்லது பி550 மதர்போர்டு இதற்குப் போதும். இலவச விளையாட்டுகளும் பழைய விளையாட்டுகளும் படத்தின் தரத்தைக் குறைத்து வைத்தால் நன்றாகவே ஓடும்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. உள்ளிருக்கும் கிராபிக்ஸுக்குத் தனி நினைவகம் கிடையாது, ராமையே பயன்படுத்திக்கொள்ளும். ராம் எவ்வளவு வேகமாகத் தரவைத் தருகிறதோ அவ்வளவு வேகம்தான் விளையாட்டுக்கும். ஆகவே 16 ஜிபி ஒரே குச்சியாக வாங்காமல், 8 ஜிபி குச்சி இரண்டாக வாங்கி, நான்கு ஸ்லாட் உள்ள போர்டானால் இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டில் போட வேண்டும். இரண்டு வழியாகத் தரவு ஓடும். ஒரே செலவில் கண்கூடாகத் தெரியும் வேறுபாடு இது. பயாஸில் எக்ஸ்எம்பி என்பதையும் இயக்கிவிடவும். இயக்காவிட்டால் 3200 வேகத்துக்குக் காசு கொடுத்து வாங்கிய ராம் 2133-லோ 2400-லோ ஓடிக்கொண்டிருக்கும், யாருக்கும் தெரியாது.

ஓராண்டு கழித்துப் பணம் சேர்ந்ததும் கிராபிக்ஸ் கார்டு. ஃபுல் எச்டி விளையாட்டுக்கு நாம் அளவுகோலாக வைப்பது 2021-இல் வந்த ஆர்எக்ஸ் 6600. 8 ஜிபி நினைவகம், 132 வாட். அதற்குச் சமமான எதையும் அப்போதைய விலை பார்த்து எடுக்கலாம். ஆனால் 5600ஜி வைத்திருப்பவர்கள் ஆர்எக்ஸ் 6400, 6500 எக்ஸ்டி இரண்டையும் தவிர்க்கவும். அவை மதர்போர்டோடு நான்கு தடங்களில் மட்டுமே பேசுபவை. நான்காம் தலைமுறை பிசிஐ வேகத்தில் அது போதும். 5600ஜி மூன்றாம் தலைமுறை வேகத்தையே தருவதால் கார்டு திணறும். கடையில் இதை யாரும் சொல்வதில்லை.

கையில் அறுபதாயிரத்துக்கு அருகில் இருந்தால் கார்டையும் முதலிலேயே வாங்கலாம். அப்போது உள்ளிருக்கும் கிராபிக்ஸுக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை. ஐ3 12100எஃப், எச்610 மதர்போர்டு, 16 ஜிபி ராம், 500 ஜிபி எஸ்எஸ்டி, மீதி கார்டுக்கு. மொத்தப் பணத்தில் மூன்றில் ஒரு பங்கு கார்டுக்குப் போனால் கணக்கு சரியாக இருக்கிறது என்று பொருள். வண்ண விளக்கு, கண்ணாடிப் பெட்டி, தண்ணீர்க் குளிர்விப்பான் ஆகியவற்றுக்குப் போகும் ஒவ்வொரு ரூபாயும் விளையாட்டின் வேகத்துக்கு எதையும் சேர்ப்பதில்லை. எஃப் என்ற எழுத்தில் முடியும் இன்டெல் புராசஸர்களில் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது. மானிட்டர் வயரை மதர்போர்டில் சொருகிவிட்டு "திரை வரவில்லை" என்று கணினியைத் தூக்கிக்கொண்டு கடைக்கு ஓடுபவர்கள் உண்டு. வயர் கார்டில் சொருகப்பட வேண்டும்.

எஸ்எம்பிஎஸ்: இதில் சிக்கனம் பிடிக்காதீர்கள்

நாம் மிகவும் அழுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான். நம் ஊர்க் கடைகளில் கேபினெட்டோடு இலவசம்போல வரும் "450 வாட்" எஸ்எம்பிஎஸ், கையில் தூக்கினால் காலிப் பெட்டிபோல் லேசாக இருக்கும். உள்ளே இருக்க வேண்டிய பாகங்கள் பாதி இல்லை என்பதே அதன் பொருள். ஸ்டிக்கரில் எழுதிய வாட் அளவை அவை தருவதில்லை. தாங்காமல் போகும்போது தான் மட்டும் போவதில்லை, மதர்போர்டையும் கார்டையும் சேர்த்துக் கொண்டுபோகும். நாற்பதாயிரம் ரூபாய்க் கணினியை இரண்டாயிரம் ரூபாய் மிச்சம் பிடித்ததற்காக இழப்பது பெரும் சோகம்.

பெயருள்ள கம்பெனியின் 550 வாட் எஸ்எம்பிஎஸ், குறைந்தது மூன்று ஆண்டு வாரண்டியோடு, தனியாக வாங்கவும். 80 பிளஸ் என்ற முத்திரை மின்சாரத்தை எவ்வளவு வீணாக்காமல் மாற்றுகிறது என்பதைத்தான் சொல்லும், பாதுகாப்புக்கு அது சான்றல்ல. வாரண்டிக் காலமும், அந்த மாடலைப் பிரித்துச் சோதித்து எழுதப்பட்ட மதிப்பீடுகளுமே நம்பத்தக்கவை. பின்னாளில் கார்டு சேர்க்கும்போதும், அதற்கடுத்த கணினிக்கும்கூட இதே எஸ்எம்பிஎஸ் உதவும்.

இதோடு சேர்ந்தது வீட்டு வயரிங். பழைய வீடுகளில் மூன்று பின் பிளக் இருக்கும், எர்த் வயர் எதிலும் இணைந்திருக்காது. கேபினெட்டைத் தொட்டால் சுருக்கென்று அடித்தால் அதுதான் காரணம். எலக்ட்ரீஷியனை அழைத்து முதலில் அதைச் சரிசெய்யுங்கள். யுபிஎஸ் வாங்குபவர்கள் 600 விஏ என்பதை 600 வாட் என்று நினைக்கக் கூடாது, அது வழக்கமாக 360 வாட்தான். விளையாட்டை மூடிக் கணினியை முறையாக அணைக்க இரண்டு மூன்று நிமிடம் கிடைக்கும், அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம்.

மின் கட்டணத்தைப் பற்றி உம்மாமார்கள் கேட்பது நியாயம். விளையாடும்போது இந்தக் கணினி சுமார் 250 வாட் எடுப்பதாக வைத்துக்கொள்வோம். நாளைக்கு மூன்று மணி நேரமென்றால் முக்கால் யூனிட். இரண்டு மாதக் கணக்கில் 45 யூனிட். தனியாகப் பார்த்தால் சிறிய தொகைதான். ஆனால் ஏற்கெனவே ஏசியோடு 470, 480 யூனிட்டில் நிற்கும் வீடு இதனால் 500-ஐத் தாண்டினால் கட்டண விகிதமே மாறிவிடும்.

பழைய கார்டு வாங்குபவர்கள் கவனத்துக்கு

எதீரியம் என்ற மெய்நிகர் நாணயத்தை 2022 செப்டம்பர் 15 வரை கிராபிக்ஸ் கார்டுகளை வைத்துத் தோண்டினார்கள். அன்று அதன் முறை மாறியதும், இரவு பகலாக ஓடிய கார்டுகள் உலகச் சந்தையில் கொட்டின. அவற்றில் இன்னும் பல கைமாறிக்கொண்டிருக்கின்றன. அப்படி ஓடிய கார்டு எல்லாமே கெட்டது என்று சொல்ல முடியாது. விசிறியும், சிப்புக்கு மேலுள்ள பசையும் தேய்ந்திருக்கும், அவற்றை மாற்றலாம். ஆனால் விற்பவர் அதைச் சொல்லிவிட்டு விற்க வேண்டும். ஈரத் தானியத்தை அடியில் மறைத்து வைத்த வியாபாரியின் குவியலுக்குள் நபிகளார் (ஸல்) கை நுழைத்துப் பார்த்துக் கண்டித்த நிகழ்வை நாம் எல்லோரும் பயானில் கேட்டிருக்கிறோம். பழைய கார்டு விற்கும் நம் பிள்ளைகளும் அதை நினைவில் வைக்கட்டும்.

ஆர்எக்ஸ் 580 என்ற பெயரில் மலிவாக வருபவற்றில் "2048எஸ்பி" என்று சிறிய எழுத்தில் இருக்கும். உண்மையான 580-இல் 2304 கணக்கீட்டு அலகுகள். இதில் 2048 மட்டுமே, அதாவது 570-ன் அளவு. இன்னும் மோசமானது, மிகப் பழைய கார்டின் மென்பொருளை மாற்றி 1050 டிஐ என்று காட்டும் போலிகள். ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருள் பெரும்பாலான போலிகளைக் காட்டிக்கொடுத்துவிடும். வாங்கும் இடத்திலேயே அதை ஓட்டிப் பார்த்து, பிறகு ஃபர்மார்க் அல்லது ஹெவன் சோதனையை இருபது நிமிடம் ஓடவிட்டு, திரையில் புள்ளிகளோ கோடுகளோ வருகின்றனவா, விசிறி சத்தமிடுகிறதா என்று பாருங்கள். சோதிக்க அனுமதிக்காத விற்பனையாளரிடம் வாங்க வேண்டாம். படத்தை மட்டும் அனுப்பி முன்பணம் கேட்பவரிடம் பேச்சே வேண்டாம்.

எங்கே வாங்குவது? திருச்செந்தூரிலிருந்து நம் ஊர்கள் வழியாக எழும்பூர் செல்லும் செந்தூர் எக்ஸ்பிரஸில் ஏறினால் காலையில் சென்னை, அங்கிருந்து ரிச்சி தெரு பக்கம்தான். ஆனால் ஒரு பாகம் பழுதானால் மறுபடியும் ரயில் ஏற வேண்டும். எனவே புராசஸர், ராம் போல அரிதாகப் பழுதாகும் பாகங்களை எங்கு விலை குறைவோ அங்கு வாங்குங்கள். மதர்போர்டையும் எஸ்எம்பிஎஸ்ஸையும் திருநெல்வேலி, தூத்துக்குடிக் கடைகளில் சற்றுக் கூடுதல் விலையானாலும் வாங்குவதே நம் பரிந்துரை. எங்கு வாங்கினாலும் ஜிஎஸ்டி பில் வேண்டும். கணினிப் பாகங்களுக்கு வரி 18 சதவீதம், "பில் இல்லாமல் குறைத்துத் தருகிறேன்" என்பவர் வாரண்டியையும் சேர்த்தே குறைக்கிறார். இணையத்தில் வாங்கினால் பொட்டலத்தைப் பிரிப்பதைத் தொடக்கம் முதல் முடிவு வரை கைப்பேசியில் பதிவு செய்துகொள்ளவும்.

வெளிநாட்டிலிருந்து வாப்பா கொண்டுவருவதாக இருந்தால் ஒரு செய்தி. ஹாங்காங்கின் ஷாம் ஷுய் போ பகுதியில் உள்ள கோல்டன் கம்ப்யூட்டர் ஆர்கேட் நம்மவர்களுக்குப் பழக்கமான இடம். அங்கு விலை குறைவாக இருக்கலாம். ஆனால் 18 வயது நிரம்பிய பயணிக்கு ஒரு மடிக்கணினிக்கு உள்ள தனிச் சுங்க விலக்கு கிராபிக்ஸ் கார்டுக்குப் பொருந்தாது. அது பொதுவான பயணப்பை வரம்புக்குள் வரும். பல கம்பெனிகள் வெளிநாட்டில் வாங்கிய கார்டுக்கு இங்கே வாரண்டி தருவதும் இல்லை. கொண்டுவந்தால் கைப்பையில் கொண்டுவரவும்.

தவணையும் பரிசுப் பெட்டியும்

"நோ காஸ்ட் இஎம்ஐ" என்று கடைகளும் இணையத்தளங்களும் அழைக்கின்றன. நடப்பது என்ன? வட்டித் தொகைக்குச் சமமாக ஒரு தள்ளுபடியைக் கடை முன்கூட்டியே தருகிறது. வங்கி பிறகு தவணையோடு அந்த வட்டியை வசூலிக்கிறது. வட்டியின் மீது 18 சதவீத ஜிஎஸ்டி, அதற்கு மேல் செயலாக்கக் கட்டணம். பில்லில் வட்டி என்ற வரி அப்படியே இருக்கும். ரிசர்வ் வங்கியே 2013 செப்டம்பரில் வங்கிகளுக்கு அனுப்பிய சுற்றறிக்கையில் பூஜ்ய வட்டி என்று ஒன்று இல்லை என்று தெளிவுபடுத்தியது. இந்த ஒப்பந்தம் மார்க்கப்படி எப்படி என்பதை உங்கள் ஊர் ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பெயரைப் பார்த்து "வட்டியில்லை" என்று நம்பிவிடாதீர்கள் என்பதே நம் வேண்டுகோள். நம் ஊர்களில் வட்டியில்லாக் கடன் தரும் சங்கங்கள் உண்டு. அவற்றின் பணம் மருத்துவத்துக்கும் கல்விக் கட்டணத்துக்கும் காத்திருப்பவர்களுக்கானது, கேமிங் கணினிக்காக அந்த வாசலில் நிற்க வேண்டாம். மேலே சொன்ன இரண்டு கட்ட வழி இதற்காகவே. மாதம் இரண்டாயிரம் தவணை கட்ட முடிகிறவரால் மாதம் இரண்டாயிரம் சேர்க்கவும் முடியும். பத்து மாதத்தில் ஒரு கார்டுக்கான பணம் கையில் இருக்கும். அதற்குள் பிள்ளையின் ஆசை தணிந்துவிட்டால் அந்தப் பணமும் மிச்சம்!

கணினி வந்த பிறகும் பணம் கசியும் வழி ஒன்று உண்டு. பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை 2025 ஆகஸ்டில் நிறைவேறிய மத்தியச் சட்டம் தடை செய்துவிட்டது. ஆனால் சாதாரண விளையாட்டுகளுக்குள்ளேயே, காசு கொடுத்துத் திறந்தால் என்ன வரும் என்று தெரியாத பரிசுப் பெட்டிகள் உள்ளன. கவுன்டர் ஸ்ட்ரைக்கில் பெட்டியைத் திறக்கச் சாவியை விலைக்கு வாங்க வேண்டும். பெல்ஜியம் நாட்டின் சூதாட்ட ஆணையம் 2018-இலேயே இத்தகைய பெட்டிகளைச் சூதாட்டம் என்று அறிவித்தது. மைஸிர் என்று நாம் படித்ததற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கக் கிடைக்காது. வாப்பாவின் கார்டு எண்ணையும் யுபிஐயையும் விளையாட்டுக் கணக்கில் சேமித்து வைக்க வேண்டாம்.

திருட்டுப் பதிப்பு விளையாட்டுகளும் அப்படியே. பிறர் உழைப்பை விலை கொடுக்காமல் எடுப்பது ஒருபுறம் இருக்க, உள்ளே நாணயம் தோண்டும் மென்பொருளை ஒளித்து வைத்திருப்பது வழக்கம். இலவச விளையாட்டுகளுக்கு அப்பாலும், எபிக் கேம்ஸ் ஸ்டோர் வாரந்தோறும் விளையாட்டுகளை இலவசமாகத் தருகிறது. ஸ்டீமில் கோடையிலும் குளிர்காலத்திலும் பெரும் தள்ளுபடி உண்டு. விண்டோஸ் உரிமம் வாங்கப் பணமில்லை என்றால் லினக்ஸ் இருக்கிறது. வால்வ் நிறுவனம் 2018-இல் வெளியிட்ட புரோட்டான் மூலம் ஸ்டீமில் உள்ள பெரும்பாலான விண்டோஸ் விளையாட்டுகள் லினக்ஸில் ஓடுகின்றன. வேலரன்ட் ஓடாது, அதன் ஏமாற்றுத் தடுப்பு மென்பொருள் லினக்ஸை ஏற்பதில்லை.

நம் கடற்கரைக்கென்று சில

தூத்துக்குடி, காயல்பட்டினம் பக்கம் உப்புக் காற்று இரும்பை விட்டுவைப்பதில்லை. கணினிக்குள்ளும் அது போகும். தூசி வடிகட்டி உள்ள கேபினெட்டாக எடுங்கள். ஜன்னலுக்கு நேரே வைக்காதீர்கள். மாதக்கணக்கில் அணைத்து வைப்பதைவிட வாரம் இரண்டு முறையாவது ஓடவிடுவது நல்லது, உள்ளே சூடு பரவி ஈரம் வெளியேறும். திடீரென்று கணினி இயங்காமல் பீப் ஒலி மட்டும் கேட்டால் உடனே கடைக்குத் தூக்க வேண்டாம். மின் இணைப்பைத் துண்டித்து, ராமைக் கழற்றி, அதன் பொன்னிற முனைகளை வெள்ளை ரப்பரால் மெல்லத் தேய்த்துத் துடைத்துவிட்டு மறுபடி பொருத்திப் பாருங்கள். நம் ஊரில் பாதிப் பழுது இதிலேயே தீர்ந்துவிடும்.

அறைக்குள் பூட்டிக்கொண்டு விளையாடும்படி வைக்காமல், வீட்டின் பொது இடத்தில் வைப்பது பெற்றோருக்கும் வசதி. பாங்கு சொல்லும்போது ஆட்டத்தின் நடுவில் இருந்தால் எழ மனம் வராது. வேலரன்ட் ஆட்டம் ஒன்று அரை மணி நேரத்துக்கு மேல் போகும். மஃக்ரிபுக்கு முக்கால் மணி நேரம் இருக்கும்போது புதிய ஆட்டம் தொடங்குவதில்லை என்று வீட்டில் பேசி வைத்துக்கொண்டால் சண்டை வராது.

கேபினெட்டைத் தரையில் வைக்க வேண்டாம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியதையும், செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் பயணிகளோடு சிக்கி நின்றதையும் நம் மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். முழங்கால் அளவுத் தண்ணீர் வீட்டுக்குள் வந்த ஊர் இது. மேசை மேல் வையுங்கள், பிளக் பாயின்டும் மேசை உயரத்தில் இருக்கட்டும். வடகிழக்குப் பருவமழைக்கு முன் படிப்புச் சான்றிதழ்களின் நகல், குடும்பப் புகைப்படங்கள் ஆகியவற்றை ஒரு பென்டிரைவில் எடுத்து பாஸ்போர்ட்டுகளோடு உயரமான அலமாரியில் வைத்துவிடுங்கள். கணினி நனைந்துவிட்டால் காய்ந்ததுபோல் தெரிந்தாலும் சுவிட்சைப் போடாமல் எஸ்எம்பிஎஸ்ஸைக் கழற்றித் தனியே கடையில் காட்டவும்.